கோதுமையின் தரமும் விளைநிலத்தின் சூழலும்

தில்லி, கான்பூர், போபால் போன்ற வடபுல நகரங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. சென்ற மாதம் வாங்கிய கோதுமையில் சப்பாத்தி பந்து போல் உப்பி எழுந்தது. இந்த மாதம் அதே கடையில், அதே பெயரில், அதே விலைக்கு வாங்கிய கோதுமையில் இட்ட சப்பாத்தி ஆறுவதற்குள் அப்பளம் போல் விறைத்துப் போகிறது. குற்றம் பெரும்பாலும் மாவு பிசைந்த கையின் மேல் சுமத்தப்படும்; சில வேளைகளில் அரைவை இயந்திரக்காரர் அதனை ஏற்க நேரும். உண்மையில் இவ்விருவரும் குற்றமற்றவர்களாக இருக்கலாம். பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், அந்தக் கோதுமை பால் பிடித்து நின்ற நாட்களில் வீசிய வெப்பக் காற்றோ, அறுவடையை ஒட்டிப் பெய்த மழையோ நம் வீட்டுச் சப்பாத்தியின் விதியை முன்னரே எழுதி வைத்திருக்கக் கூடும்.

ஒரே வித்தை இரண்டு இடங்களில் விதைத்தால் இருவேறு மாவு கிடைப்பது ஏன்? மண்ணும் நீரும் வெயிலும் மணிக்குள் புகுந்து செய்யும் மாற்றம் யாது? அதனால் உழவருக்கும் உண்பவருக்கும் விளையும் நன்மை தீமைகள் எவை? இவற்றைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் கோதுமை மணியின் அமைப்பை அறிந்து கொள்ளுதல் நலம். நூறு பங்கு மணியில் ஏறத்தாழ 15 பங்கு தவிடு. 2 அல்லது 3 பங்கு முளை. எஞ்சிய 82 அல்லது 83 பங்கே மாவாகும் உட்பகுதி. இவ்வுட்பகுதியை ஒரு சுவருக்கு ஒப்பிடலாம். மாச்சத்துத் துகள்கள் செங்கற்கள். அவற்றிற்கு இடையே நிரம்பியிருக்கும் புரதம் சாந்து. சாந்து இடைவெளியின்றி நிறைந்திருந்தால் மணி கண்ணாடி போல் பளபளக்கும். பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்' என்று உடையும். சாந்து குறைந்து, இடையிடையே காற்றுப் புரைகள் தங்கிவிட்டால் மணி சுண்ணாம்பு போல் வெளுத்துத் தோன்றும். கடித்தால் மாவாய் நொறுங்கும். மண்டிகளில் அனுபவம் மிக்க வணிகர் ஒரு பிடி கோதுமையை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தும், இரண்டு மணியைக் கடித்தும் விலை சொல்வது இந்த அடிப்படையிலேயே.

கோதுமைப் புரதத்திற்குப் பிற தானியங்களில் காணாத தனிச் சிறப்பு ஒன்று உண்டு. நீர் விட்டுப் பிசையும்போது அதன் பெரும்பகுதி குளூட்டன் என்னும் பசைப் பொருளாக மாறுகிறது. இதனை வீட்டிலேயே கண்டறியலாம். சிறிது கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் வைத்திருந்து, பின்னர் நீருக்குள் மெல்லக் கசக்குக. மாச்சத்து பால் போல் கரைந்து போகும். இறுதியில் கையில் எஞ்சுவது இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும் ரப்பர் போன்ற ஒரு பொருள். அதுவே குளூட்டன். அதில் கிளையடின், குளூட்டெனின் என இரு வகைப் புரதங்கள் உள்ளன. மாவு இழுபட்டுப் பரவுவதற்கு முன்னது காரணம். இழுபட்ட மாவு அறுந்து போகாமல் எதிர்த்து நிற்பதற்குப் பின்னது காரணம். ஈஸ்ட் வெளியிடும் வாயுவைப் பல்லாயிரம் சிறு குமிழிகளாகப் பிடித்து வைத்து ரொட்டியை உயர்த்துவது இவ்விரண்டின் கூட்டுறவே.

ஆகவே நல்ல கோதுமை என்று பொதுவாகச் சொல்வதில் பொருள் அதிகம் இல்லை. எதற்கு நல்லது என்றே வினவ வேண்டும். அடுப்பில் எழும் ரொட்டிக்கு நூற்றுக்கு 12 பங்குக்குக் குறையாத புரதமும் வலிய குளூட்டனும் தேவை. பிஸ்கோத்துக்கு மென்மையான மணியும் குறைந்த புரதமும் வேண்டும். வலிய குளூட்டன் அமைந்தால் பிஸ்கோத்து கல்லாகிவிடும். சப்பாத்திக்கு வேண்டியது இடைத்தரமான வலிமை. ஆனால் மணி வன்மையாக இருத்தல் அவசியம். வன்மையான மணி அரைபடும்போது மாச்சத்துத் துகள்களில் ஒரு பகுதி சிதைவுறும். சிதைவுற்ற துகள் அதிக நீரைப் பருகும். நீரை நன்கு பருகிய மாவில் இட்ட சப்பாத்தியே நெடுநேரம் மிருதுவாக இருக்கும். ரவைக்கும் சேமியாவுக்கும் மிக வன்மையான டூரம் கோதுமை ஏற்றது.

மாவாலைக்காரரின் கவலை வேறு. அவர் தவிட்டை முழுத் தோலாக உரித்து நீக்கி, வெண்மாவை இயன்ற அளவு அதிகமாகப் பெற விழைகிறார். அதற்காகக் கோதுமைக்கு நீர் சேர்த்து ஒரு நாள் வரை ஊற வைக்கிறார். தோல் துவண்டு கொடுக்கிறது, உட்பகுதி இளகுகிறது. மணி பருத்து, கனத்து, ஒரே சீராக இருந்தால் மாவு மிகும். மணி சுருங்கியிருந்தால் தோலின் பங்கு மிகுந்து, மாவு குறைந்து, நிறமும் மங்கும். மென்மையான, வெளுத்த மணியின் மாவு பஞ்சு போல் சல்லடைக் கண்களை அடைத்துக் கொள்ளும். ஒரே லாரிச் சரக்கில் வன்மையும் மென்மையும் கலந்து வருவதே ஆலைக்குப் பெருந்தொல்லை. ஒன்றுக்குப் போதுமான நீர் மற்றொன்றுக்குப் போதாது.

இனி, இத்தகுதிகளை வித்து நிர்ணயிக்கிறதா, விளையும் இடம் நிர்ணயிக்கிறதா என்னும் வினாவுக்கு வருவோம். இந்த வினாவை முறைப்படி முதலில் ஆராய்ந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பது பலர் அறியாத செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கோதுமை பெருமளவில் பிரிட்டனுக்குக் கப்பலேறியது. அங்குள்ள மாவாலைக்காரர்கள் அதனை வலிமையற்றது, தூசி மிகுந்தது என்று கருதி வந்தனர். பீகாரில் பூசா என்னும் ஊரில் அமைந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திற்கு 1905 ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஹோவர்டு தாவரவியலாராக வந்து சேர்ந்தார். அவரும், அவர் துணைவியாரும் விஞ்ஞானியுமான காப்ரியேல் ஹோவர்டும், கான்பூரில் பணியாற்றிய லீக் என்பவரும் இணைந்து, குறிப்பிட்ட சில வித்துக்களைப் பல இடங்களில் விளைவித்தனர். அறுவடையான மணிகளை இங்கிலாந்தில் ஹம்பிரீஸ் என்னும் மாவாலை அறிஞரிடம் அனுப்பி, அரைத்தும் ரொட்டி சுட்டும் சோதிக்கச் செய்தனர். 1907 முதல் நடந்த இப்பரிசோதனைகளின் முடிவுகள் 1910 ஆம் ஆண்டு தொடங்கித் தொடர் அறிக்கைகளாக வெளிவந்தன.

அவர்கள் கண்ட உண்மை இரு பக்கங்களை உடையது. ஒரே வித்தின் மணி, இடத்திற்கு இடம் நிறத்திலும் வன்மையிலும் நைட்ரஜன் அளவிலும் மாறியது. சுட்ட ரொட்டியும் மாறியது. எனினும் வலிய வித்துக்கும் வலிமையற்ற வித்துக்கும் இடையேயுள்ள வேற்றுமை எங்கும் அடியோடு மறைந்துவிடவில்லை. வித்து எல்லையை வகுக்கிறது; அந்த எல்லைக்குள் பயிர் எந்த இடத்தில் நிற்கும் என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது. மற்றொன்றும் தெளிவாயிற்று. மிகுந்த விளைச்சலும் உயர்ந்த தரமும் ஒரே வித்தில் கூடியிருத்தல் இயலும். பூசாவில் உருவான பூசா 4 என்னும் வித்து பின்னர்ப் பன்னாட்டுத் தானியக் கண்காட்சிகளில் பரிசுகள் பெற்று, இந்தியக் கோதுமையின் மேல் படிந்திருந்த பழியைத் துடைத்தது. 1934 ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்தில் அந்நிலையத்தின் கட்டிடம் சிதைவுற்றது. 1936 இல் நிலையம் தில்லிக்கு மாற்றப்பட்டது. பூசா என்னும் பெயர் மட்டும் உடன் வந்து இன்றும் தில்லியில் நிலைத்திருக்கிறது.

அன்று கண்ட மாறுதல்களின் காரணத்தைப் பின்னர் வந்த ஆராய்ச்சிகள் விளக்கியுள்ளன. அதனைக் குடும்ப வரவு செலவாக எண்ணிப் பார்த்தால் எளிதில் விளங்கும். கோதுமைச் செடி தனக்கு வேண்டிய நைட்ரஜனின் பெரும்பகுதியைப் பூப்பதற்கு முன்னரே மண்ணிலிருந்து எடுத்து இலையிலும் தண்டிலும் சேமித்து விடுகிறது. மணி வளரும்போது அந்தச் சேமிப்பை எடுத்து மணிக்கு அனுப்புகிறது; கீழிலைகள் மஞ்சளித்து உதிர்வது இதனாலேயே. ஆகவே மணியின் புரதம் பெரும்பாலும் பழைய சேமிப்பிலிருந்து வருவது. மாச்சத்தோ, பூத்த பின்னர் இலைகள் நாள்தோறும் வெயிலில் உழைத்து ஈட்டும் புது வருமானத்திலிருந்து வருவது. சேமிப்பும் வருமானமும் எந்த விகிதத்தில் மணியைச் சென்றடைகின்றன என்பதைப் பொறுத்தே மணியின் தரம் அமைகிறது.

குளிர்ந்த வானிலை நீடித்து, நீரும் தட்டின்றிக் கிடைத்தால் வருமான நாட்கள் மிகும். மாச்சத்து நிறைந்து மணி பருக்கும், விளைச்சல் பெருகும். அப்போது தழைச்சத்துச் சேமிப்பு போதாதிருந்தால், உள்ள புரதம் மிகுந்த மாச்சத்தில் பரவி நீர்த்துப் போகும். மணியில் மஞ்சள் கலந்த வெண்திட்டுக்கள் தோன்றும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நீர்ப்பாசன வயல்களில் இதனை அடிக்கடி காணலாம். நீர் தேங்கும் நிலத்தில் இக்கேடு இரட்டிப்பாகிறது. வேர்கள் மூச்சு விடத் தவிக்கின்றன, மண்ணிலுள்ள நைட்ரஜனும் வீணாகிறது. இதற்குப் பரிகாரம் விளைச்சலைக் குறைப்பதன்று. தழைச்சத்து உரத்தைப் பகுதி பகுதியாக இட்டு, ஒரு சிறு பகுதியைப் பூக்கும் பருவத்தை ஒட்டி அளித்தால், விளைச்சல் குன்றாமலே புரதம் உயர்கிறது.

கந்தகத்தையும் இங்கு மறத்தலாகாது. குளூட்டன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் முடிச்சுக்கள் கந்தக அணுக்களால் ஆனவை. சூப்பர் பாஸ்பேட் உரத்தில் கந்தகம் கலந்திருந்தது, யூரியாவிலும் டி.ஏ.பி. உரத்திலும் அஃது இல்லை. இவ்விரண்டையே ஆண்டுதோறும் இட்டு வரும் நிலங்கள் பலவற்றில் கந்தகம் குறைந்து வருகிறது. அத்தகைய நிலத்துக் கோதுமையில் புரதத்தின் அளவு கணக்கில் குறைவின்றித் தோன்றினாலும், மாவு விறைப்பாகி, இழுத்தால் நீளாமல் அறுந்து போகும்.

இதற்கு நேர்மாறான சூழல் மத்திய இந்தியாவில் உள்ளது. மத்தியப் பிரதேசத்தின் சேஹோர், விதிஷா மாவட்டங்களின் கரிசல் நிலத்தில் விளையும் ஷர்பதி கோதுமையின் புகழ் வடநாடு முழுவதும் பரவியது. இப்பெயரில் பெரிதும் பயிராவது 1965 இல் வெளியான சி 306 என்னும் நெடிய வித்து. மழைக்காலத்தில் கரிசல் மண் பருகி வைத்த ஈரத்தையும், ஓரிரு பாய்ச்சல் நீரையும் கொண்டு அது வளர்கிறது. அங்கே குளிர்காலம் குறுகியது. பிப்ரவரியிலேயே வெயில் ஏறத் தொடங்கும். வருமான நாட்கள் குறைவாதலால் விளைச்சல் மிதமே. ஆயினும் மணி பொன்னிறமாகவும் பளபளப்பாகவும் கனமாகவும் அமைகிறது. இதே வித்தைப் பஞ்சாபின் வளமான வயலில் நீரும் உரமும் தாராளமாக இட்டு வளர்த்தால், நெடிய தண்டு பாரம் தாங்காமல் சாய்ந்து விடும். ஷர்பதி என்பது வித்தின் பெயர் மட்டுமன்று, வித்தும் மண்ணும் சேர்ந்த பெயர். 2023 இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டதன் பொருள் இதுவே.

குஜராத்தில் பால் என்று அழைக்கப்படும் தாழ்நிலப் பகுதி இன்னும் வியப்பானது. மழைக்காலத்தில் அங்கே வெள்ளம் தேங்கி நிற்கும். நீர் வடிந்த பின் உழவர் விதைப்பர். அதன் பின்னர்ப் பாசனமும் இல்லை, மழையும் இல்லை. நிலத்தின் அடி ஈரத்தை மட்டும் நம்பி மார்ச்சு வரை பயிர் நிற்கிறது. அங்கு விளையும் பாலியா என்னும் டூரம் கோதுமை புரதம் மிகுந்தது. ரவைக்குப் பெயர் பெற்றது. அதற்கு 2011 ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்தது. வறட்சி என்று நாம் அஞ்சும் ஒன்று, அளவோடு, உரிய பருவத்தில், உரிய வித்துக்கு அமைந்தால் தரத்திற்குத் துணையாகிறது.

அளவு மீறினாலோ அதே வெயில் பகையாகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பதிவுகள் 1901 இல் தொடங்குகின்றன. அன்று முதல் 2022 வரை, 2022 ஆம் ஆண்டு மார்ச்சைப் போல் நாடு முழுவதும் வெப்பம் மிக்க மார்ச்சு மாதம் வந்ததில்லை. வடமேற்குச் சமவெளியில் கோதுமை பால் பிடித்து நிறைய வேண்டிய நாட்கள் அவை. வருமானம் திடீரென நின்றது. மணிகள் நிரம்பாமலே முதிர்ந்து சுருங்கின. கொள்முதல் விதிப்படி சுருங்கிய மணியும் உடைந்த மணியும் நூற்றுக்கு 6 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது. அவ்வாண்டு மே மாதத்தில் மத்திய அரசு அந்த வரம்பைப் பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் 18 பங்காகத் தளர்த்தியது. தளர்த்தாவிடில், நான்கு மாதம் உழைத்த உழவர் தம் குற்றம் ஏதுமின்றியே மண்டியிலிருந்து வண்டியைத் திருப்ப நேர்ந்திருக்கும்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கிக் கொள்ளல் வேண்டும். சுருங்கிய மணியைச் சோதித்தால் புரதத்தின் விகிதம் உயர்ந்தே காணும். மாச்சத்து குறைந்ததால் ஏற்பட்ட உயர்வு அது. புரதம் கூடியதால் ஏற்பட்டதன்று. மேலும், மணி நிறையும் பருவத்தில் வெப்பம் 35 டிகிரியைக் கடந்தால் குளூட்டெனின் உருவாவது தடைப்பட்டு, கிளையடின் மிகுந்து, மாவு தளர்ந்து விடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் 1990களில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே புரதத்தின் எண் ஒன்றையே கண்டு தரத்தை மதிப்பிடுதல் பிழை.

வெயில் செய்யும் கேடு ஒரு வகை. அறுவடை வேளையில் மழை செய்யும் கேடு மற்றொரு வகை. முதிர்ந்த மணி நனைந்து உலர்ந்தால் உள்ளே மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றி, பளபளப்பு மறைகிறது, கனமும் குறைகிறது. இதனால் தோற்றமும் அரைவையும் கெடுமே தவிர உணவுச் சத்து பெரிதும் அழிவதில்லை. ஆனால் ஈரம் நீடித்துக் கதிரிலேயே முளைப்பு தொடங்கிவிட்டால் நிலைமை வேறு. மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிப்பொருள் மணிக்குள் பெருகுகிறது. அந்த மாவில் சுட்ட ரொட்டி உள்ளே பிசுபிசுத்துக் கத்தியில் ஒட்டும். இதனை அறிய ஓர் எளிய கருவி உண்டு. மாவையும் நீரையும் கூழாகக் காய்ச்சி, அதனுள் ஒரு கோல் எத்தனை வினாடியில் அமிழ்ந்து விழுகிறது என்று கணக்கிடுவர். 300 வினாடிக்கு மேல் நின்றால் மணி நலமானது; நூறு வினாடிக்குக் கீழே வந்தால் முளைப்பு கண்டது. 2023 மார்ச்சில் பருவம் தவறிப் பெய்த மழையால் வடமாநிலங்களில் பளபளப்பிழந்த கோதுமை குவிந்தபோது, கொள்முதல் விதிகள் மீண்டும் தளர்த்தப்பட்டன.

குளிர்ந்த ஈரக் காற்றினால் வரும் தீங்கு ஒன்றும் உண்டு. 1931 இல் கர்னாலில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயராலேயே கர்னால் பண்ட் என வழங்கும் பூஞ்சண நோய், கதிர் வெளிவரும் வேளையில் மேகமூட்டமும் தூறலும் நீடித்தால் பரவுகிறது. மணியின் ஒரு பகுதி கரித்தூளாக மாறி, மீன் நாற்றம் வீசும். நூற்றுக்கு மூன்று மணிக்கு மேல் நோயுற்றிருந்தால் அந்த மாவு உண்ணத் தகாததாகிறது.

இவ்வளவையும் அறிந்த பின் ஒரு கேள்வி எழுகிறது. தரத்திற்காக உழவர் எடுத்துக் கொள்ளும் பாடு அவருக்குத் திரும்பி வருகிறதா? அரசுக் கொள்முதலில் ஈரம், தூசி, உடைந்த மணி, சுருங்கிய மணி ஆகியவை அளக்கப்படுகின்றன. புரதமோ குளூட்டனின் வலிமையோ அங்கே அளக்கப்படுவதில்லை. புரதம் 9 பங்குள்ள கோதுமையும் 13 பங்குள்ள கோதுமையும் ஒரே விலை பெற்று, ஒரே கிடங்கில் ஒன்றாகக் கலக்கின்றன. கலந்த பின் எதற்கும் முழுத் தகுதி இல்லை. ரொட்டிக்குத் தளர்ந்தது, பிஸ்கோத்துக்கு விறைத்தது. நம் சமையலறையில் மாதத்திற்கு ஒரு குணம் காட்டும் மாவு, இக்கலப்பின் விளைவே. நியாய விலைக் கடையில் வாங்கும் ஏழைக் குடும்பத்திற்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் இல்லை. சேஹோரின் உழவர் கூடுதல் விலை பெறுகிறார் எனில், அவர் மணி தனியே பிரிக்கப்பட்டுத் தன் பெயருடன் சந்தைக்கு வருவதே காரணம். ஒவ்வொரு வட்டாரத்தின் கோதுமையையும் அவ்வாறு சோதித்துப் பிரித்து வைத்தால், கரிசல் நிலத்து மணி ரவைக்கும், வலிய மணி ரொட்டிக்கும், மெல்லிய மணி பிஸ்கோத்துக்கும் உரிய விலையில் செல்லும். புரதத்தைச் சில நிமிடங்களில் அளந்து காட்டும் கருவிகள் இன்று உள்ளன. அவை மண்டிவரை வந்து சேர வேண்டும்.

உழவர் கையில் உள்ளவையும் சில உண்டு. வடமேற்குச் சமவெளியில் நவம்பர் முதற் பாதியில் விதைத்த பயிர், மார்ச்சு இறுதியின் வெப்பத்திற்குள் பெரும்பாலும் நிறைந்து விடும். டிசம்பரில் விதைத்தது அதன் நடுவே அகப்படும். நெல் அறுத்த வயலில் வைக்கோலை எரிக்காமல், அதனூடே விதைக்கும் கருவிகளைக் கொண்டு காலத்தில் விதைத்தல் தரத்திற்கும் காவல், காற்றுக்கும் காவல். மண்ணைச் சோதித்துக் கந்தகம் இடுதல், நீர் தேங்காமல் வடித்தல், முதிர்ந்த பயிரை மழைக்கு முன் அறுத்தல் ஆகிய இவை பெருஞ்செலவு கோருபவை அல்ல. நல்ல சாகுபடி விளைச்சலுக்கும் தரத்திற்கும் ஒருங்கே உதவும் என்னும் பூசாவின் படிப்பினை ஒரு நூற்றாண்டு கடந்தும் பொய்க்கவில்லை.

நமக்கு, அதாவது மாவு பிசைந்து உண்பவர்களுக்கு, உள்ள பணி சிறியது. வாங்கும்போது ஒரு பிடி கோதுமையைக் கையில் பரப்பிப் பார்ப்போம். பருமனையும் பளபளப்பையும் நோக்குவோம். இரண்டு மணியைக் கடித்துப் பார்ப்போம். எங்கு விளைந்தது என்று கேட்போம். வன்மையான கோதுமை மாவு என்று தெரிந்தால் நீரைச் சற்று மிகுத்து, பிசைந்த பின் அரை மணி நேரம் மூடி வைப்போம். இவற்றிற்குப் பின்னும் சப்பாத்தி விறைத்தால், பிசைந்த கையைக் கடிந்து கொள்ளாதிருப்போம். அந்த மணி நிறையும் வேளையில் வானம் எப்படியிருந்ததோ, யார் அறிவார்?